மீந்த குழம்பும் வீட்டு நாயும்

தாம்பரத்தைச் சுற்றிலுமுள்ள ஊர்களில் வீட்டு நாயொன்று வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்து மடியுமாயின், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்ற பேச்சே முதலில் எழுவது வழக்கம். வரப்புத் தகராறுள்ள பக்கத்து நிலத்துக்காரர், கோழியைப் பறிகொடுத்த எதிர்வீட்டுக்காரர், இரவில் குரைப்பொலி பொறாது முணுமுணுத்த குடியிருப்பார் என்று சந்தேகத்துக்கு ஆட்கள் எளிதிற் கிடைத்துவிடுகின்றனர். இரண்டு நாளில் வழக்கு கிராம நிர்வாக அதிகாரியிடமோ காவல் நிலையத்துக்கோ போய்ச் சேருகிறது. பூச்சி மருந்தைச் சோற்றிலோ இறைச்சியிலோ கலந்து வைக்கும் கொடியவர் இல்லையென்று சொல்வதற்கில்லை. அத்தகையோர்மீது 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 325ஆவது பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கவும் இடமுண்டு. ஆயினும் அயலானைக் குற்றஞ்சாட்டுமுன் சோதிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது அந்நாய்க்கு நாடோறும் சோறிட்டு வந்த வீட்டின் அடுக்களையேயாகும்.

இப்பகுதியின் நிலைமை மாறிவிட்டதையும் இங்கு கருத வேண்டும். 2021ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம் முதலிய நகராட்சிகளும் அவற்றையடுத்த சில பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டு மாநகராட்சியாயின. ஏரிப்பாசன நிலங்களிற் பல மனைகளாகிவிட்டன. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, அகரம்தென் பக்கங்களில் இன்னும் பயிர் செய்யும் குடியானவர்கள், களத்தையும் மோட்டாரையும் கோழிக்கூண்டையும் காக்க நாய் வளர்க்கின்றனர். நெல்மூட்டைக்கு எலி வராதிருக்கப் பூனை வளர்க்கின்றனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ நான்கு கிலோ நிறையுள்ள பொமரேனியன் போன்ற சிறு நாய்களை வாங்கி வந்து நடுக்கூடத்தில் வைத்துச் சீராட்டுகின்றனர். களத்து நாய்க்கும் கூடத்து நாய்க்கும் இடப்படுவது ஒன்றே: மீந்த சோறும் அதன்மேல் ஊற்றிய குழம்பும்.

அக்குழம்பில் உள்ளவற்றுள் முதலிற் கண்டிக்கத்தக்கது வெங்காயம். இஃது இன்று நேற்றுக் கண்ட செய்தியன்று. 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டுப் பொதுச் சுகாதார இலாகாவைச் சேர்ந்த ஸெப்ரெல் என்பார், வெங்காயம் ஊட்டப்பட்ட நாய்களுக்கு இரத்தச்சோகை உண்டாவதைப் பரிசோதித்து வெளியிட்டார். வெங்காயம், வெள்ளைப்பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய ஓரினத்துப் பொருள்களிலெல்லாம் கந்தகச் சத்துள்ள சில பதார்த்தங்கள் உள. அரியும்போது கண்ணைக் கரிப்பதும் அவ்வகைப் பதார்த்தமே. இவை மனிதனுடைய உடம்பில் தீங்கு செய்யா. நாய், பூனைகளின் உடம்பிலோ இரத்தத்தின் செவ்வணுக்களிலுள்ள சிவப்புப் பொருளைக் கெடுத்துவிடுகின்றன. கெட்ட பொருள் அணுவின் ஓரத்தில் சிறு உருண்டையாகத் திரள்கிறது. 1890ஆம் ஆண்டில் இதனை விவரித்த ஜெர்மானிய அறிஞரின் பெயரால் ஹெயின்ஸ் உருண்டை என்று அதனை வழங்குவர். இவ்வுருண்டை ஏறிய அணுக்கள் நெடுநேரம் நிலையாமல் உடைந்து அழிகின்றன. தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்தே சோர்வு தோன்றும், ஈறு வெளுக்கும், மூச்சு இரைக்கும், சிறுநீர் செந்நிறமாகவோ காப்பி நிறமாகவோ போகும். இடையில் நாள் கடந்துவிடுவதாலேயே, தின்ற உணவையும் வந்த வியாதியையும் சேர்த்துப் பார்க்க வீட்டாருக்குத் தோன்றுவதில்லை.

வேகவைத்தால் நஞ்சு தீருமென்று எண்ணுவது தவறு. வதக்கினாலும், கொதிக்கவைத்தாலும், உலர்த்திப் பொடித்தாலும் தீமை நீங்காது. நீர் வற்றிய பொருளில் நிறைக்கு நிறை அது மிகுதியாகவேயிருக்கும். கோடையில் மாடியில் பாய் விரித்து உலர்த்தும் தாளிப்பு வடகத்தைக் காக்கையிடமிருந்து காப்பாற்றும் பெண்மணிகள், அதைப் பூனைக்கும் நாய்க்கும் எட்டாமல் வைப்பதும் இதனாலேயே அவசியம். பூண்டு வெங்காயத்தினும் வன்மையுடையது. உண்ணி விழும், குடற்புழு சாகும் என்று பூண்டை நசுக்கி நாய்க்குக் கொடுக்கும் வைத்தியம் இன்றும் சிலவிடங்களில் நடக்கிறது. அது கைவிடத்தக்கது, உண்ணிக்கும் புழுவுக்கும் தக்க மருந்து கால்நடை மருந்தகங்களிலேயே உண்டு.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். நாயாயின் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயமும், பூனையாயின் கிலோவுக்கு 5 கிராமும் இரத்தத்தைக் கெடுக்கப் போதுமெனக் கண்டிருக்கின்றனர். 15 கிலோ நிறையுள்ள களத்து நாய் இவ்வெல்லையைத் தொடக் கால் கிலோவுக்குச் சிறிது குறைந்த வெங்காயம் வேண்டும்; ஒருவேளைச் சோற்றில் அவ்வளவு கிடைப்பது அரிது. நான்கு கிலோப் பொமரேனியனுக்கு 60 கிராம் போதும். வெங்காய சாம்பாரின் அடியில் தங்கியதை வழித்துப் போட்டால் அவ்வளவு சேர்ந்துவிடும். மூன்று கிலோப் பூனைக்கு 15 கிராமே கணக்கு; அதாவது சின்ன வெங்காயம் இரண்டு. மீன் குழம்புச் சட்டியைப் பூனைக்கு நக்கக் கொடுக்கும் வழக்கம் எத்தகையதென்பதை இக்கணக்கே காட்டும். பூனை வெங்காயத்தை நாடித் தின்பதில்லை. மீன் சாறு ஊறிய வெங்காயத்தையோ விடுவதில்லை. மேலும், ஒரே வேளையில் மிகுதியாகத் தின்பதுதான் கேடு என்றில்லை. சிறுசிறு அளவாக நாள்தோறும் சேர்வதாலும் சோகை உண்டாகும்.

தலைமுறை தலைமுறையாக நாட்டு நாய் சாம்பார்ச் சோறு தின்று வாழவில்லையா என்று அனுபவமுள்ள குடியானவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சோறு நாய்க்கு ஒவ்வாததன்று. மனிதனோடு வாழத் தொடங்கிய நாயினம், ஓநாயைக் காட்டிலும் மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை மிகுதியும் பெற்றிருப்பதாக 2013ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். ஆகவே பழியைச் சோற்றின்மேற் போடுதல் தகாது. தெரு நாய் பத்து வீட்டு வாசலுக்குப் போகிறது, ஒவ்வாததை முகர்ந்து ஒதுக்குகிறது, உடம்பும் பெரிது. சங்கிலியில் கட்டுண்ட நாயும் அறையில் அடைபட்ட நாயும் இட்டதைத் தின்பதன்றி வேறு வழியற்றவை. இன்னொன்றும் உண்டு. முன்னாளில் புறக்கடையில் இறந்துபோன நாய்கள் எத்தனை, எதனால் இறந்தன என்று கணக்கெடுத்தவர் எவர்? வாழ்ந்த நாய்களை மட்டும் சாட்சிக்கழைத்து வழக்கு வெல்வது முறையன்று.

வெங்காயத்தைப்பற்றி அறிந்தோர் சிலரேனும் உளர். புளியைப்பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. தமிழ்நாட்டு அடுக்களைக்கு இதுவே முக்கியமான செய்தியுமாகும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பதை 2001ஆம் ஆண்டளவில் அமெரிக்க மிருக வைத்தியர்கள் எடுத்துக்கூறினர். ஆனால் அதன் காரணம் இருபது ஆண்டுகள் விளங்காமலே இருந்தது. அந்நாட்டு விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நஞ்சுத் தகவல் நிலையத்தார், குழந்தைகள் விளையாடுவதற்கென வீட்டிலே பிசைந்த மாவைத் தின்ற நாயொன்று திராட்சை தின்ற நாயைப் போன்றே சிறுநீரகங் கெட்டதைக் கண்டனர். அம்மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு நிறையச் சேர்ந்திருந்தது. திராட்சையிலும் உள்ள அமிலம் அதுவே. அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களிடத்தும் அதே கேடு காணப்பட்டதையும் சேர்த்து 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்டனர். மனிதன் இவ்வமிலத்தால் இத்தகைய கேடு அடைவதில்லை. நாயின் சிறுநீரகமோ இதனை எளிதில் வெளியேற்றமாட்டாமல் தன் நுண்குழல்களைப் பழுதாக்கிக்கொள்கிறது.

புளியின் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை டார்டாரிக் அமிலம் உண்டு. திராட்சைப் பழத்தில் இதிற் சிறு பங்கே உள்ளது. எலுமிச்சங்காயளவு புளி 30 கிராம் எனக் கொண்டால், கரைத்த குழம்பில் இவ்வமிலம் 2 முதல் 5 கிராம் வரை இறங்கும். நாலைந்து பேருண்ணும் குழம்பில் ஒரு கரண்டி நாய்க்குப் போவதால் பெருந்தீங்கு வந்துவிடுமென்று அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்சத்தக்கவை வற்றக் காய்ச்சிய வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலுமே. இவற்றில் புளி செறிந்திருக்கிறது. எண்ணெயும் உப்பும் சேர்ந்து நாயின் நாவுக்கு இனிக்கவும் செய்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் திண்ணையிலும் களத்திலும் புளியை ஓடு நீக்கிக் கொட்டையெடுத்துக் குவிக்கும்போது, காவலுக்குப் படுத்திருக்கும் நாயே அதனைக் கடித்துச் சப்புவதுமுண்டு. ஒரு நாய் தாங்கும் அளவை மற்றொரு நாய் தாங்காது. ஆகவே இவ்வளவு கொடுக்கலாம் என்று வரம்பு கட்டுதற்கில்லை. அடையாளம் முதலில் வாந்தி; அது பெரும்பாலும் தின்ற அன்றே தொடங்கும். பின்னர் உணவில் வெறுப்பும் மிகுந்த தாகமும் உண்டாகி, ஓரிரு நாளில் சிறுநீர் குறையும்; முற்றிலும் நின்றுவிட்டால் பிழைப்பது அரிது.

இவ்விடத்தில் கிராமங்களில் வழங்கும் கைவைத்தியமொன்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. நாய் நஞ்சு தின்றுவிட்டதென்று தோன்றினால் உப்பைக் கரைத்தோ புளியைக் கரைத்தோ வாயில் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்வர். புளியால் நொந்த சிறுநீரகத்துக்கு மேலும் புளி! உப்புக் கரைசலும் இதற்குக் குறைந்ததன்று. மிகுந்த உப்பு இரத்தத்திலேறி மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். மயங்கிய நாயின் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும். வாந்தியெடுக்கச் செய்வது மருத்துவர் கையாலே, தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் செய்யத்தக்க காரியம்.

மற்றப் பண்டங்களைச் சுருங்கக் கூறினால் போதும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்ந்த திராட்சை முன்சொன்ன வகையைச் சேர்ந்தது. சாக்லேட்டில் தியோப்ரோமின் என்ற சத்து உண்டு. நாயின் உடம்பிலிருந்து அது மெல்லவே நீங்குவதால் இதயத்துடிப்பு மிகுந்து நடுக்கமும் வலிப்பும் வரும். ஐந்து கிலோ நாய்க்குப் பாற்சாக்லேட் 50 கிராமில் தொல்லை தொடங்கும். கோக்கோப் பொடியாயின் ஐந்து கிராமே போதும். காப்பித்தூளும், டிகாக்ஷன் இறக்கிய சக்கையும், தேயிலையும் இத்தகையனவே. சர்க்கரை வியாதிக்காரருக்கென விற்கும் சில மிட்டாய்களிலும் மெல்லும் பசைகளிலும் சேரும் ஸைலிட்டால் என்னும் இனிப்பு இவையெல்லாவற்றினும் விரைவானது. அரைமணி நேரத்தில் நாயின் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து, அது தள்ளாடி விழும். மிகுந்தால் ஈரலும் கெடும். ஊறுகாயும் கருவாடும் உப்பினால் கேடு செய்வன. அடுக்களை அலமாரியிலேயே வைக்கும் பாராசிட்டமால் மாத்திரை உணவன்றாயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை: காய்ச்சலென்று பூனைக்கு ஒரு மாத்திரை கொடுப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

பயிர்த்தொழில் செய்வோர் வீட்டுக்கேயுரிய அபாயமொன்று பூசணம் பிடித்த தானியமும் பிண்ணாக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்ததை ஆராய்ந்தபோது, பூசணம் பூத்த கடலைப் பிண்ணாக்கிலிருந்த அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. நாயின் ஈரல் இந்நஞ்சுக்கு மிகவும் இளகியது. மாட்டுக்கு ஆகாதென்று கழித்த பிண்ணாக்கையும், புழுங்கிப்போன கடலையையும் சோளத்தையும் நாய்க்குக் காய்ச்சி ஊற்றுவது சிக்கனமன்று. கொதியாலும் இந்நஞ்சு அழியாது.

கழுநீர்த் தொட்டியைப்பற்றியும் ஒரு வார்த்தை. வெங்காயத்தோல் நாலு விழுந்த கழுநீரால் பசு கெடுவதில்லை. ஆனால் சந்தையில் கழிந்த அழுகல் வெங்காயத்தை மூட்டையாக வாங்கித் தீவனமாக்கும்போது முன்சொன்ன சோகை பசுவுக்கும் வரும். கால்நடைகளுள் ஆடு ஓரளவு தாங்கும், மாடு தாங்காது. பெருஞ்சாலையோரத்துக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நாளன்று மீந்த சோற்றைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டுவதனால் மாட்டின் வயிறு புளித்து உப்பி உயிர் போவதை மிராசுதார்கள் பலர் கண்டிருப்பர். பொங்கலன்று அன்பின் மிகுதியால் இந்நிலை வருவதும் உண்டு. அதே குவியலின் ஓரத்தில் நாய்கள் தின்பது சோறும், புளிச் சாறும், வெங்காயமும், திராட்சையும், சமைத்த கோழி எலும்பும் கலந்த கலவை.

கிராம அதிகாரிகளுக்கு இது வெறும் வீட்டு விவகாரமன்று. நாய் இறந்ததாகப் புகார் வரும்போது, கடந்த ஐந்து நாளில் அதற்கு என்ன இடப்பட்டது என்பதை முதலிற் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பூச்சி மருந்தாயின் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வாயில் நுரை, தசை துடிப்பு, வலிப்பு என்று வேகமாகக் காட்டும். வெளுத்த ஈறும் செந்நிறச் சிறுநீரும் நாட்கணக்கிற் பின்தொடருமாயின் அடுக்களையை நினைக்க இடமுண்டு. முடிவாகச் சொல்லத்தக்கவர் பிணப் பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவரே. ஆதலின் உடலைப் புதைத்துவிட்டுப் புகார் எழுதுவதிற் பயனில்லை. உள்ளுறுப்புகளை இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பும் முறை சென்னையில் பழமையானது. 1849ஆம் ஆண்டிலேயே இங்கு இரசாயனப் பரிசோதகர் நிலையம் ஏற்பட்டது. ஆனால் பாஷாணமும் பூச்சி மருந்தும் தேடும் பரிசோதனையில் சின்ன வெங்காயம் குற்றவாளியாக அகப்படுவதில்லை. உயிரோடிருக்கும்போதே எடுத்த ஒரு துளி இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஹெயின்ஸ் உருண்டைகள் தெரிந்துவிடும்.

தெரு நாய்களுக்கு உணவிடும் விஷயத்திலும் இப்போது உள்ளூர் மன்றங்களுக்குப் பொறுப்பு வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உணவிடுவதற்கென இடங்களைக் குறிக்கச் சொல்கின்றன. தலைநகர்ப் பகுதி நாய்களைப்பற்றிய வழக்கில் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் வட்டந்தோறும் உணவிடும் இடம் ஒதுக்கும்படி உத்தரவிட்டு, வழக்கின் எல்லையை நாடு முழுமைக்கும் விரித்தது. இடத்தைப்பற்றி இவ்வளவு வாதம் நடக்கிறது. இடப்படும் பண்டத்தைப்பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இடத்தைக் குறிக்கும் பலகையிலேயே வெங்காயம், பூண்டு, புளி, திராட்சை, ஊறுகாய் சேர்ந்தவை ஆகாவென இரண்டு வரி எழுதிவைப்பது எளிது. மண்டபத்துக் குவியலை அங்கே கொண்டுவந்து கொட்டுவதைத் தடுப்பதே கடினம். அதில் அதிகாரிகள் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்களும், அக்டோபர் 2ஆம் தேதிக் கிராம சபையும் இதனைச் சொல்லத் தக்க சந்தர்ப்பங்கள்.

நாய்க்கென்று தனியாகச் சமைக்க எந்தக் குடியானவர் வீட்டிலும் நேரமிராது. அவ்வாறு செய்யச் சொல்வதுமில்லை. குழம்பு கூட்டுமுன் செய்யத்தக்கது ஒன்றே. பருப்பு வெந்ததும், புளியும் வெங்காயமும் சேருமுன், இரண்டு கரண்டியைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். கறி சமைக்கும் நாளில் மசாலைக்கு முன் வேகவைத்த சில துண்டுகளை எலும்பு நீக்கி ஒதுக்கலாம். மீனாயின் முள்ளில்லாத துண்டை வெறுநீரில் வேகவைத்துப் பூனைக்குப் போடலாம். சோறு, வெந்த பருப்பு, முட்டை, பூசணிக்காய், சிறிது தயிர், இவை போதும். வீட்டில் இடுபவர் பாட்டியாயிருந்தால் பாட்டியிடத்தும், வேலைக்காரராயிருந்தால் அவரிடத்தும் இதனைச் சொல்லிவைக்க வேண்டும். எஜமானர் மட்டும் அறிந்திருப்பதில் நாய்க்கு ஒரு நன்மையுமில்லை.

தின்றுவிட்டதென்று தெரிந்தால் அடையாளம் தோன்றும்வரை காத்திராமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கே கொண்டுசெல்க. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையும், பொட்டலமோ மீதியோ இருந்தால் அதனையும் உடன் கொண்டுபோக வேண்டும். இரவு வேளையாயின் 1903ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் வேப்பேரிச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம். மாடு, ஆடுகளுக்காயின் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். தீவனத்தைப்பற்றி ஆலோசனை வேண்டுவோர் காட்டுப்பாக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகலாம்.